ஒரு சக்கரம் மட்டும் பதில் சொல்லவில்லை: டயர் சென்சார் கருவியை வீட்டில் பயன்படுத்தலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நீங்கள் பினாங்கில் சுங்கை ஆராவில் இருக்கிறீர்கள். எட்டு வருடம் ஓடிய காரை இன்னொருவரிடமிருந்து வாங்கியிருக்கிறீர்கள். போன வாரம் நான்கு டயரையும் மாற்றினீர்கள். அதுவரை நான்கு சக்கரங்களின் காற்றழுத்தத்தையும் காட்டிக்கொண்டிருந்த திரை, இப்போது இடது பின்சக்கரத்துக்கு எண்ணுக்குப் பதிலாக இரண்டு கோடுகளைக் காட்டுகிறது. வண்டியைக் கிளப்பியதும் மஞ்சள் விளக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டு விட்டு எரிந்து, பிறகு நிலையாக நின்றுவிடுகிறது. நான்கு சென்சாரையும் மாற்ற வேண்டும் என்று ஒரு கடையில் சொன்னார்கள். விலையைக் கேட்டு மலைத்துப்போய், இணையத்தில் ஒரு புரோகிராமிங் கருவியையும் நான்கு வெற்று சென்சார்களையும் வாங்கிவிட்டீர்கள். வீட்டு வாசலிலேயே நானே செய்யலாமா, காரின் கணினி கெட்டுவிடுமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: மாற்ற வேண்டியது நான்கா, ஒன்றா, அல்லது எதையுமே மாற்ற வேண்டாமா? அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும். வாங்கிய கருவி அதற்கு நன்றாகவே உதவும். ஆகவே சென்சார் பெட்டிகளை இப்போதைக்குப் பிரிக்காதீர்கள். பிரிக்காத பொருளைத் திருப்பிக் கொடுப்பது எளிது.

நான் ஜெலுத்தோங்கில் ஒரு டயர் பட்டறையில் இருபது வருடத்துக்கும் மேலாக வேலை செய்கிறேன். கடைசிப் பத்து வருடமாக எங்கள் பட்டறையில் சென்சார் வேலை பெரும்பாலும் என் கையில்தான் வருகிறது. நான் கீழே சொல்வதில் பெரும்பகுதி எந்தக் காருக்கும் பொருந்தும். எது உங்கள் காரைப் பொறுத்து மாறும் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் காரின் பெயரை எழுதவில்லை.

நீங்கள் எழுதிய அறிகுறிகளிலிருந்தே இரண்டு விஷயங்களை உறுதியாகச் சொல்லலாம். ஒன்று, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனி எண் காட்டியது என்றால் உங்கள் காரில் சக்கரத்துக்குள்ளேயே சென்சார் இருக்கிறது. எல்லாக் கார்களிலும் அப்படி இல்லை. மஸ்டா, ஹோண்டா, வோக்ஸ்வேகன் போன்றவற்றின் பல மாடல்களில் சக்கரத்துக்குள் எதுவும் கிடையாது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு கொஞ்சம் சுருங்கி, அது மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றும். ஏபிஎஸ் பிரேக்குக்காக வைத்திருக்கும் வேக உணரிகள் அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும். அப்படிப்பட்ட காருக்கு இந்தக் கருவியால் ஒரு பயனும் இல்லை. காற்றைச் சரியாக அடித்துவிட்டு, மெனுவில் இருக்கும் ரீசெட்டை அழுத்தினால் வேலை முடிந்தது. இதைப் படிக்கும் மற்றவர்கள் கருவி வாங்கும் முன் தங்கள் கார் எந்த வகை என்று கையேட்டைப் புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, விளக்கு சிமிட்டிவிட்டு நிலைத்தால் அமைப்பில் கோளாறு என்று பொருள். சிமிட்டாமல் எடுத்த எடுப்பிலேயே நிலையாக எரிந்தால் காற்று குறைவு என்று பொருள். உங்களுடையது முதல் வகை. ஆனாலும் அந்தச் சக்கரத்தில் காற்று சரியாக இருக்கிறதா என்று, கையில் பிடித்து அழுத்தம் அளக்கும் கையளவியால் இன்றே பாருங்கள். கார் இப்போது அந்தச் சக்கரத்தைக் கவனிக்கவில்லை. நீங்கள்தான் கவனிக்க வேண்டும்.

சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வால்வின் அடியில், ரிம்முக்கு உட்புறம், தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கும். அதற்குள் ஒரு லித்தியம் பட்டன் பேட்டரி, அழுத்தத்தையும் வெப்பத்தையும் அளக்கும் சில்லு, ஒரு சிறு வானொலி ஆகியவற்றை வைத்து, பிசின் ஊற்றி மூடியிருப்பார்கள். பேட்டரியை மட்டும் தனியாக மாற்றுவதற்கு வழி வைக்கவில்லை. பொதுவாக ஐந்து முதல் பத்து வருடம் தாங்கும். பேட்டரியை மிச்சப்படுத்த, கார் நிற்கும்போது சென்சார் தூங்கும்; சக்கரம் சுழன்றதும் விழித்துக்கொண்டு தன் அடையாள எண்ணையும் அழுத்தத்தையும் ஒலிபரப்பும். அமெரிக்கா, ஜப்பான் கார்களில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸிலும், ஐரோப்பாவுக்கும் மற்ற பல சந்தைகளுக்கும் செய்த கார்களில் 433 மெகாஹெர்ட்ஸிலும் பேசும். காரின் நினைவில் நான்கு அடையாள எண்கள் பதிந்திருக்கும். அந்த எண்ணோடு வரும் செய்தியை மட்டும் அது ஏற்றுக்கொள்ளும். பக்கத்தில் நிற்கும் காரின் சென்சார் பேசினாலும் காதில் போட்டுக்கொள்ளாது.

விற்பவர்கள் எல்லாவற்றையும் 'புரோகிராமிங்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். குழப்பம் தொடங்குவது அங்கேதான். கருவி செய்யும் வேலைகள் மூன்று. முதலாவது, தூங்கும் சென்சாரை எழுப்பி அது சொல்வதைக் கேட்பது. இரண்டாவது, வெற்று சென்சாருக்கு எந்தக் காரின் மொழியில் பேச வேண்டும், எந்த எண்ணைச் சொல்ல வேண்டும் என்று எழுதுவது. மூன்றாவது, புதிய எண்களைக் காருக்குக் கற்றுக்கொடுப்பது. எல்லாக் கருவியும் மூன்றையும் செய்யாது. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களுக்காகச் செய்த ஈஎல்-50448 என்ற சிறிய கருவி மலிவாகக் கிடைக்கிறது. அது அந்தக் குழுமத்தின் கார்களில் சென்சாரை எழுப்பும், அவ்வளவுதான். வேறு காருக்கு அதை வாங்கிவிட்டு ஏமாந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆட்டெல், அடெக் போன்ற நிறுவனங்களின் கருவிகளிலும் சில மாடல்களுக்குத்தான் காரின் ஓபிடி துளையில், அதாவது காரின் கணினியோடு கருவியை இணைக்கும் துளையில், செருகும் வசதி உண்டு. உங்கள் பெட்டிக்குள் அந்தக் கேபிள் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் மூன்றாவது வேலையில் ஒரு பகுதி உங்கள் கைக்கு எட்டாது.

இப்போது வாசலுக்கு வாருங்கள். முதலில் தொட வேண்டியது பழுதான சக்கரத்தை அல்ல, நன்றாக இருக்கும் இடது முன்சக்கரத்தை. கருவியில் காரின் தயாரிப்பு, மாடல், வருடம் ஆகியவற்றைத் தேர்ந்தெடுங்கள். கருவியின் ஆன்டெனாவை வால்வுக்கு நேர் மேலே, டயரின் ரப்பர் பக்கச்சுவரில் ஒட்டினாற்போல வையுங்கள். ரிம்மின் இரும்பு அல்லது அலுமினியத்தின் மேல் வைக்காதீர்கள். உலோகம் சமிக்ஞையை மறைத்துவிடும். பொத்தானை அழுத்தினால் கருவி 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு குறுகிய தூர அலையை அனுப்பும். அது ஒரு கையளவு தூரத்தைத் தாண்டி அதிகம் போகாது, அதனால்தான் ஒட்டி வைக்கச் சொல்கிறேன். சில விநாடிகளில் திரையில் அடையாள எண், அழுத்தம், வெப்பம், பல சென்சார்களில் பேட்டரியின் நிலை ஆகியவை வரும். அடையாள எண் பெரும்பாலும் எட்டு இலக்கம், எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்து இருக்கும். அதைக் கைப்பேசியில் படம் எடுங்கள். ஒரு தாளிலும் எழுதுங்கள்: இடது முன், வலது முன், வலது பின், இடது பின் என்று. அமெரிக்கக் காணொளிகளில் 'ஓட்டுநர் பக்கம்' என்பார்கள். அவர்களுக்கு அது இடது, நமக்கு வலது. எங்களிடம் வந்த பல குழப்பங்களின் வேர் இந்த ஒரு வார்த்தைதான். ஓட்டுநர், பயணி என்று யோசிக்கவே யோசிக்காதீர்கள். காரில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது எது இடது, எது வலது என்று மட்டும் பாருங்கள்.

நன்றாக இருக்கும் மூன்று சக்கரங்களும் பதில் சொன்னால், கருவி சரி, தேர்ந்தெடுத்த மாடல் சரி, அலைவரிசை சரி என்று மூன்றும் ஒரே நேரத்தில் நிரூபணமாகிவிடும். நன்றாக இருக்கும் சக்கரமே பதில் சொல்லாவிட்டால் இடது பின்சக்கரத்தைக் குறை சொல்லும் உரிமை இன்னும் நமக்கு வரவில்லை. மாடலையும் வருடத்தையும் மாற்றிப் பாருங்கள். ஜப்பானிலிருந்து இறக்கிய ரீகான் கார் என்றால் இங்கே விற்ற அதே மாடலின் விவரம் பொருந்தாமல் போகலாம். ஜப்பான் சந்தைக்கான பட்டியலில் தேடுங்கள். இன்னொரு விஷயம்: நம் ஊர் வீடுகளின் தானியங்கி கேட் ரிமோட்டுகளில் பல இதே 433 மெகாஹெர்ட்ஸில்தான் பேசுகின்றன. நீங்கள் கருவியை அழுத்தும் அதே நேரத்தில் யாராவது கேட்டைத் திறந்தால் கருவிக்குச் செய்தி கேட்காமல் போகலாம். ஒரு முறை தவறினால் மறுபடி முயலுங்கள்.

அதன் பிறகு இடது பின்சக்கரம். இரண்டு மூன்று முறை முயன்றும் பதில் இல்லையென்றால் காரைக் கால் சுற்று முன்னால் நகர்த்திவிட்டு மறுபடி செய்யுங்கள். அது பதில் சொன்னால், நல்ல செய்தி: சென்சார் உயிரோடு இருக்கிறது. அப்படியானால் கடையில் வேறொரு ரிம்மோ சென்சாரோ மாறியிருக்கலாம், அல்லது காரின் நினைவில் இருக்கும் எண்ணோடு இது ஒத்துப்போகவில்லை. ஓபிடி கேபிள் இருந்தால் காரிலிருந்து நான்கு எண்களையும் படித்து, தாளில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். அப்போது நீங்கள் ஒரு சென்சாரும் வாங்க வேண்டியதில்லை, காருக்குக் கற்றுக்கொடுத்தால் போதும். பதிலே இல்லையென்றால் சென்சார் செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். எதனால் என்பதை இங்கிருந்து சொல்ல என்னால் முடியாது. டயரைக் கழற்றும் இயந்திரத்தின் தட்டை வால்வுக்கு அருகில் வைத்து அழுத்தினால் பிளாஸ்டிக் பெட்டி உடையும். டயர் மாற்றிய நாளிலேயே கெட்டது என்பதால் அந்தச் சந்தேகம் இயல்பு. அதே நேரத்தில் எட்டு வருடப் பேட்டரி அந்த வாரத்திலேயே தற்செயலாக முடிந்திருக்கவும் கூடும். டயரைக் கழற்றிப் பெட்டியைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். விரிசல் இருந்தால் கடையோடு பேசுங்கள். விரிசல் இல்லாமல் அமைதியாக இருந்தால் யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். மற்ற மூன்றின் பேட்டரி நிலையையும் கருவியில் பாருங்கள். அவையும் பலவீனம் என்று காட்டினால், ஏற்கெனவே டயரைக் கழற்றப்போகிற நேரத்திலேயே நான்கையும் மாற்றுவது புத்திசாலித்தனம். கடைக்காரர் சொன்னதில் அந்த அளவு நியாயம் உண்டு.

ஒரு சென்சாரை மட்டும் மாற்றும் நிலை வந்தால், நான் எப்போதும் சொல்லும் வழி நகல் எடுப்பது. பழைய சென்சாரின் எண்ணையே புதியதற்கு எழுதிவிட்டால் காருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. கற்றுக்கொடுக்கும் வேலையே இல்லை. செத்த சென்சாரைக் காற்று வழியாகப் படிக்க முடியாது என்றாலும், அதன் எண் இரண்டு இடங்களில் இருக்கிறது: காரின் நினைவில், ஓபிடி வழியாகப் படிக்கலாம், சென்சாரின் உடம்பிலேயே, டயரைக் கழற்றியதும் கண்ணால் படிக்கலாம். வெற்று சென்சாரில் எழுதும்போது அந்த ஒன்றைத் தவிர மற்றவற்றை வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். பக்கத்தில் இரண்டு இருந்தால் கருவி எதில் எழுதியது என்று உங்களுக்கே தெரியாமல் போகும். எழுதி முடித்ததும் மறுபடி எழுப்பி, அதே எண்ணைச் சொல்கிறதா என்று பாருங்கள். இதைப் பட்டறைக்குக் கொண்டுபோகும் முன்பே செய்துவிட வேண்டும். டயருக்குள் போன பிறகு தவறு தெரிந்தால் மறுபடி கழற்றிப் பூட்டும் செலவு உங்களுடையது. நகல் எடுத்த பழைய சென்சார் உயிரோடு இருந்தால் அதைக் காருக்குள் வைக்காதீர்கள். ஒரே எண்ணில் இரண்டு பேர் பேசினால் கார் எதை நம்பும்? ஒரு வாடிக்கையாளர் நகல் சென்சார்கள் பூட்டிய இரண்டாவது செட் ரிம்களைக் காரின் பக்கத்திலேயே அடுக்கி வைத்திருந்தார். கார் வாசலில் நிற்கும்போதெல்லாம் திரையில் எண்கள் தாவித் தாவி மாறின. ரிம்களைப் பின்கட்டுக்கு நகர்த்தியதும் சரியாகிவிட்டது.

புதிய எண்களைத்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால் காருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். எந்த முறை என்பதைக் காரைச் செய்தவர்கள் தீர்மானித்திருப்பார்கள், நாம் விரும்பி மாற்ற முடியாது. சில கார்கள் ஓட்டினாலே கற்றுக்கொள்ளும். ஜார்ஜ் டவுனின் சிக்னலுக்குச் சிக்னல் நிற்கும் ஓட்டம் இதற்கு உதவாது. நான் இரண்டாவது பாலத்தில் போகச் சொல்வேன். மொத்தம் 24 கிலோமீட்டர். நிற்காமல் ஒரே வேகத்தில் போய்வரலாம், அது தொடங்கும் பத்து மாவுங்கிலிருந்து உங்கள் சுங்கை ஆராவுக்கும் தூரம் அதிகமில்லை. சில கார்களை நிறுத்தியபடியே கற்கும் நிலைக்குக் கொண்டுவந்து, இடது முன்னில் தொடங்கிக் கடிகார முள் போகும் திசையில் ஒவ்வொரு சக்கரமாக எழுப்ப வேண்டும்; ஒவ்வொன்றுக்கும் ஹாரனோ விளக்கோ பதில் சொல்லும். மூன்றாவது வகை ஓபிடி வழியாக எண்களை நேரடியாக எழுதுவது. கணினி கெடுமா என்ற உங்கள் பயம் இந்த மூன்றாவது வகைக்குத்தான் பொருந்தும். எண்களை எழுதுவது மட்டும்தான் நடக்கிறது. அதனால் என்ஜினுக்கோ பிரேக்குக்கோ ஆபத்தில்லை. ஆனால் பழைய எண்களின் மேல் புதியவை ஏறிவிடும் என்பதால்தான் தாளில் எழுதச் சொன்னேன். கார் பேட்டரி பலவீனமாக இருக்கும் நாளில் செய்யாதீர்கள். வேலையின் நடுவில் சாவியை அணைக்காதீர்கள். கருவியின் மென்பொருளை முந்தைய நாளே புதுப்பித்து வையுங்கள். மெனுவில் வேறு கட்டுப்பாட்டுப் பெட்டிகளை ரீசெட் செய்யும் வசதி கண்ணில் பட்டால் தொடாமல் விட்டுவிடுங்கள்.

டயரைக் கழற்றிப் பூட்டுவதை மட்டும் வீட்டில் முயல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு இயந்திரமும் வேண்டும், பிறகு பேலன்சிங்கும் வேண்டும். எழுதி முடித்த சென்சாரைக் கையில் கொண்டுபோய்ப் பட்டறையில் கொடுங்கள். 'வால்வு பக்கம் சென்சார் இருக்கிறது, அதற்கு எதிர்ப்பக்கத்தில் தட்டு வைத்து அழுத்துங்கள்' என்று முன்கூட்டியே சொல்லுங்கள். கெட்டிக்காரத் தொழிலாளி அதைக் கேட்டுக் கோபித்துக்கொள்ள மாட்டார். வால்வின் நட்டைச் சென்சாரோடு வந்த தாளில் எழுதியிருக்கும் முறுக்கு அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும்; கைக்குப் பட்டபடி இறுக்கினால் அலுமினியத் தண்டு பிளந்துவிடும். ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட வேண்டும்.

பினாங்கில் இருப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு கவலை உண்டு. கடல் காற்று அலுமினிய வால்வைத் தின்றுவிடும். பத்து பெரிங்கியிலிருந்து வந்த ஒரு காரில், அழகுக்காக யாரோ உலோக மூடி போட்டிருந்தார்கள். மூடியைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பொடி பூத்திருந்தது. கையால் திருகினேன், அசையவில்லை. குறடால் பிடித்து மெதுவாகத் திருகினேன். மூடி கழலவில்லை, தண்டே ஒடிந்து மூடியோடு கையில் வந்தது, ஒரே மூச்சில் காற்று முழுவதும் வெளியேறியது. உயிரோடு இருந்த சென்சார் அன்று வீணானது, விலையை நானே கொடுத்தேன். அன்றிலிருந்து பிளாஸ்டிக் மூடி மட்டும்தான் போடுகிறேன். உள்ளே இருக்கும் வால்வு ஊசியும் நிக்கல் பூசியதாக இருக்க வேண்டும். வெறும் பித்தளை ஊசியை அலுமினியத் தண்டில் போட்டால் இரண்டு உலோகங்களும் ஈரத்தில் ஒன்றையொன்று அரித்துப் பூட்டிக்கொள்ளும். பார்த்தவுடன் தெரியும்: நிக்கல் வெள்ளியாக மின்னும், பித்தளை மஞ்சளாக இருக்கும்.

இந்தக் கருவி வாங்கியது வீணா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரே ஒரு காருக்கு, ஒரே ஒரு முறைக்கு என்றால் என் அபிப்பிராயத்தில் தேவையில்லை. கழற்றிப் பூட்டப் பட்டறைக்குத்தான் போக வேண்டும், அங்கேயே எழுதிக் கொடுப்பார்கள். வீட்டில் அண்ணன், மாமா என்று மூன்று நான்கு கார்கள் இருந்தால், அல்லது இரண்டு செட் ரிம் வைத்திருந்தால் நிச்சயம் பயன்படும். டயர் மாற்றப் போகும் முன்பும் மாற்றி வந்த பின்பும் நான்கு சக்கரங்களையும் படித்து வைத்துக்கொண்டால், எது எப்போது கெட்டது என்று யாரோடும் வாதாட வேண்டியதில்லை. உங்களுக்கு அந்த முதல் வாசிப்பு இல்லாமல் போனதுதான் இன்றைய சிக்கல்.

சென்சார் சரியான பிறகும் கையளவியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கழன்று பிரிந்த டயர்களால் பலர் உயிரிழந்த பிறகு, 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் இதற்கான சட்டம் வந்தது. 2007 செப்டம்பருக்குப் பின் அங்கே எல்லாப் புதிய கார்களிலும் இது கட்டாயம். ஆனால் அந்த விதி கேட்பது, குறிப்பிட்ட அழுத்தத்தில் 25 சதவீதம் குறைந்தால் விளக்கு எரிய வேண்டும் என்பதுதான். கதவுத் தூணில் 230 கிலோபாஸ்கல் என்று எழுதியிருக்கும் காரில், ஏறத்தாழ 172-க்கு இறங்கும் வரை விளக்கு பேசாமல் இருக்கலாம். மாதம் ஒரு முறை, காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். வெயிலில் ஒரு பக்கம் காய்ந்த டயர் மறுபக்கத்தைவிடக் கூடுதலாகக் காட்டினால் பதறிப்போய் காற்றை இறக்காதீர்கள்; பத்து டிகிரி வெப்பம் ஏறினால் பத்து கிலோபாஸ்கல் அளவுக்கு அழுத்தமும் ஏறும்.

நாளை காலை முதல் வேலையாக மூன்று நல்ல சக்கரங்களையும் படித்துவிட்டு, பிறகு இடது பின்சக்கரத்தை முயலுங்கள். காரின் மாடல், வருடம், இங்கே விற்றதா ரீகானா, கருவியின் பெயர், மூன்று சென்சார்களின் பேட்டரி நிலை, நான்காவது பதில் சொன்னதா இல்லையா என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு, உங்கள் காருக்கு எந்தக் கற்பிக்கும் முறை என்பதையும் வாங்கிய நான்கில் எத்தனையைத் திருப்பிக் கொடுக்கலாம் என்பதையும் சொல்கிறேன்.